ஜஹனாரா அக்காவின் கைராசி

எங்கள் சந்தில் யார் எதைத் தொடங்கினாலும் முதலில் ஜஹனாரா அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து அது. கீழே என் தையல் கடை, மாடியில் அக்கா வீடு. நான் கடை போட்ட அன்று முதல் ரவிக்கைத் துணியைக் கொடுத்தது அவர்தான். எதிர்வீட்டு மருமகளுக்கு வெகுநாள் கழித்து வயிற்றில் தங்கியபோது, அக்கா கையால் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றதுதான் காரணம் என்று மாமியார்க்காரி ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பெண் டாக்டரிடம் நடையாய் நடந்ததை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் முதல் துணியை அக்காவிடம்தான் வாங்கினேன்.

அக்கா ஒல்லி. பேச்சும் அளவுதான். என் கடைக்கு வரும் சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருவார். கணவர் காதர் பாய், லஸ் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரே பையன் காஷிஃப் தோஹாவில் வேலை பார்க்கிறான். மருமகள் சாய்மா இங்கே மாமியாரோடு இருக்கிறாள்.

காதர் பாய்க்கு சைக்கிள் என்றால் உயிர். ஒரு லீவில் வந்த காஷிஃப் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அதில் ஜூலை மாதம் பிரான்ஸ் நாட்டையே சுற்றி நடக்கிற சைக்கிள் பந்தயம் வரும் என்று பாய் கண்டுபிடித்ததும் அவருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் சித்திரக்குளம் பக்கத்து ராகவேந்திரன் சார், ரிட்டயர் ஆனவர். இன்னொருவன் சாந்தோமில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடுகிற என் அண்ணன் ஏசுராஜ். மூன்று பேரும் ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் பழக்கமானவர்கள்.

சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதனாலோ என்னவோ இந்த மூன்று பேருக்கும் மலை என்றால் பைத்தியம். சமதரையில் பந்தயம் நடக்கும் நாட்களில் அவரவர் வீட்டில் போனில் பார்த்துக்கொள்வார்கள். மலை ஏறுகிற நாளன்று மட்டும் சாயங்காலம் பாய் வீட்டு ஹாலில் கூடுவார்கள். பந்தயம் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து, எந்த மலை செங்குத்து, எவன் காலில் தெம்பு இருக்கிறது, எங்கே மழை பெய்யும் என்று பேசித் தீர்ப்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு வீரன் பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன பேரை இன்னொருவர் சொல்லக் கூடாது. சொன்ன பேரை மாற்றவும் கூடாது.

வெளி ஆண்கள் இருக்கும்போது அக்கா ஹாலுக்கு வர மாட்டார். உள்கட்டில் அடுப்போடும் குக்கர் சத்தத்தோடும் இருப்பார். பாய் டீ எடுக்கிற சாக்கில் போனோடு உள்ளே போய், வீரர்கள் படத்தைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார். அக்கா ஒருவனைத் தொட்டுக் காட்டுவார். பாய் டீத்தட்டோடு ஹாலுக்குத் திரும்பி அந்தப் பேரைத் தன் பேராகச் சொல்லிவிடுவார். இது சாருக்கும் தெரியாது, என் அண்ணனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஃபால்ஸ் வைத்துக்கொண்டே அக்கா சொல்லுவார்.

"இன்னா பாத்து சொல்லுவீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"மூஞ்சப் பாத்துதான். ஒருத்தன் முழங்கையில கட்டு போட்டுக்கினு நின்னான். பாவமா இருந்துச்சு. இவன்தான்னேன்."

"ஜெயிச்சானா?"

"பின்ன? ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப சொன்னாரு, உன் ஆளு பின்னிட்டான்னு. என் கைராசி கடல் தாண்டியும் வேல செய்யுதாம்."

ஜெயித்தவருக்குப் பரிசு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்கு சைக்கிள் மிதிப்பது. மற்ற இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கூடவே போய்க் கைதட்டிக்கொண்டு வருவார்களாம். பாய் வீட்டில் சொன்னது அப்படித்தான். ஜூலை பிறந்தால் பாய்க்கு ஞாயிறெல்லாம் பரங்கிமலைதான். அக்கா விடிகாலைத் தொழுகை முடிந்த கையோடு சப்ஜா விதை ஊறப்போட்டுத் தண்ணீர் கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். பாய் கால் வீங்கித் திரும்புவார். அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, "ஜெயிச்ச காலு" என்று அக்கா கிண்டல் செய்வது மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

மலை மேலிருக்கும் மாதா கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் நான் போவேன். "பாய், எங்க ஃபாதர் உங்களத்தான் கேக்கறாரு" என்று கேலி செய்தால் பாய் சிரிப்பார். என் அண்ணனிடம் விசாரித்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். மூன்று பெரிய மனுஷர்கள் எவனோ மிதிக்கிற சைக்கிளுக்குக் கூச்சல் போடுகிறார்கள், இதில் என்ன விசாரிக்க இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சித்திரையில் காதர் பாய் காய்ச்சலில் படுத்தார். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. காஷிஃப் வந்து அடக்கம் முடித்து, லீவு முடிந்து போய்விட்டான். அக்கா இத்தா இருந்தார். கணவன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. சாய்மா டிவி மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாள். சாரும் என் அண்ணனும் மரியாதைக்காக அந்தப் படிக்கட்டுப் பக்கமே வருவதில்லை.

கைராசி என்று தாங்கிய சந்தும் மாறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி பேரனுக்கு முதல் சோறு ஊட்ட வேறு யாரையோ அழைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து அக்காவிடம் காட்டக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் ரவிக்கைக் கையை ஒரு சுற்று இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கஷ்டப்படட்டும்.

ஜூலையில் ஒரு நாள் சேலை கொடுக்க மாடிக்குப் போனேன். அக்கா சாய்மாவின் போனைக் கையில் வைத்திருந்தார்.

"இன்னிக்கு மலை நாளு ஜாஸ்மின். அவங்க ரெண்டு பேரும் எங்க உக்காந்து பாப்பாங்க?"

"எங்கியோ பாப்பாங்க. உங்களுக்கு எதுக்குக்கா அது?"

"வர்றவங்க எல்லாம் அழுவுறாங்க, இல்லாட்டி துஆ செய்யறாங்க. மர்ஹூம், மர்ஹூம்னு செத்தவராவே பேசறாங்க. காதர்னு பேரச் சொல்லி சிரிக்க ஒருத்தரும் இல்ல. அவங்க பேசறத ஒரே ஒரு தடவ கேட்டா போதும்."

போனில் ஒருவன் படத்தைக் காட்டினார். முந்தின நாள் கீழே விழுந்து தாடையில் தையல் போட்டிருந்தான். "அவரு இருந்தா இவனத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

இங்கே வந்து பார்க்கலாமே என்று நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மௌத்தான வூட்டாண்ட உக்காந்து பந்தயம் பேசறதா? மருவாதியா கீதா அது?" என்று கத்தினான். மரியாதை என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷியைத் தனியாக விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. அக்கா கேட்க ஆசைப்படுகிறார் என்ற உண்மையைச் சொன்னாலும் வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். அதனால், அண்ணி ரவிக்கை தயார், அக்கா உள்கட்டில் படுத்திருக்கிறார், ஒன்றும் கேட்காது, சாரையும் கூட்டிக்கொண்டு வா, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொய் சொல்லி வரவழைத்தேன். அந்த பெஞ்சுக்கு நேர் மேலேதான் அக்கா வீட்டு ஜன்னல். இரண்டு பேரும் உட்கார்ந்ததும் மெஷினை மூடிவிட்டு மாடிக்குப் போய், திரைச்சீலைக்குப் பின்னால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் போனைப் பெஞ்சில் சாய்த்து வைத்துச் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு என் அண்ணன்தான் ஆரம்பித்தான். "நாலு மலை கீது சார் இன்னிக்கு. கடைசி மலை ரொம்ப நீளமாம்."

"நீளம் கெடக்கட்டும்டா, ஏத்தத்தைப் பாரு. முடியற எடத்துல சொவர் மாதிரி நிக்கறது. அங்கதான் மொத்தத்துல முன்னாடி நிக்கற மஞ்சள் சட்டைக்காரன் எல்லாரையும் கழட்டி விடப்போறான். நான் அவனைத்தான் சொல்றேன்," என்றார் சார்.

"நீ எப்பவும் மஞ்ச சட்டதான். முன்னாடி போறவன புடிச்சிக்கினு தொங்குவ. எனக்கு அந்தப் புள்ளி போட்ட சட்ட, மலை ஏறுறதுல அவன்தான் மொத ஆளு."

"மழை வேற வரும்ங்கறா. எறக்கத்துல வழுக்கும்."

"பாய் இருந்தா இன்னிக்கு யார சொல்லியிருப்பாரு சார்?"

"இதுல என்ன கேள்வி? நேத்து விழுந்து தாடையில தையல் போட்டுண்டானே, அவனைத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று மாதமாக நான் பார்க்காத முகம் அது. இதற்காக எத்தனை பொய்யும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"ஒரு தபா, ஒரே ஒரு தபாவாச்சும் ஜெயிச்சிக்கீறாரா சார் அவரு?" என்றான் அண்ணன்.

"எங்கேர்ந்து ஜெயிக்கறது? அவர் சொன்ன ஆளெல்லாம் பாதி மலையிலயே நாக்கு தள்ளி நின்னுடுவான்."

"ஆளு கடைசில வந்து தோத்தவன் பரங்கிமலை ஏறணும்னு ரூல் போட்டது நீ. ஏறுனதெல்லாம் அவரு."

"நான் சொல்லாமலா இருந்தேன்? காதர், முழங்கால் வலியை வெச்சுண்டு எதுக்கு இந்த வம்பு, நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்கோன்னேன். வந்த பேரை மாத்தக் கூடாது சார்னுட்டார். போன வருஷம் கடைசி வளைவுல எறங்கி சைக்கிளைத் தள்ளிண்டு போனாரே, ஞாபகம் இருக்கா? யாரும் பாக்கலை, திரும்பிடலாம்னேன். கேக்கலை."

"மேல போயி மொகத்த கழுவிக்கினு குந்திக்கினு இருந்தாரு சார். கொஞ்ச நேரம் இருப்பா, மூச்சு வாங்கறது நிக்கட்டும், வூட்ல கண்டுபுடிச்சிருவாங்கன்னாரு."

வாயை மூடுங்கள் என்று கத்த எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கீழே பேச்சு மறுபடி மழைக்கும் மலைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அத்தினி தடவயும் தோத்தாரா?" என்றார்.

நான் திரைச்சீலையை இன்னும் இழுத்து மூடினேன்.

"ஜெயிச்சேன்னு சொன்னாரே ஜாஸ்மின். கால் வீங்கி வந்து உக்காருவாரு. ஜெயிச்ச காலுன்னு சொல்லி சிரிச்சேனே நானு."

அவர் அழ ஆரம்பித்தார். கணவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை. பாய் மேல் கோபம்கூட வந்தது. ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருப்பது பத்தடிகூட இல்லை. அந்தப் பத்தடியில் வேறொரு பேரை மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? என் புருஷன் நான் சொன்ன பஸ்ஸில்கூட ஏற மாட்டான். இந்த மனுஷன் பெண்டாட்டி தொட்டுக் காட்டிய பேருக்காக வருடா வருடம் மலை ஏறியிருக்கிறார். ஏறியதையும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

"அந்த மலை ரொம்ப ஒசரமா?" என்று அக்கா கேட்டார்.

"அதெல்லாம் இல்லக்கா. மேடு மாதிரிதான்."

"நீயும் பொய் சொல்ற."

சாய்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கீழ போ. இன்னிக்கு யாரு ஜெயிப்பான்னு சாரக் கேளு. நெஜமா ஜெயிக்கிறவன். காதர் பேர்ல அவன வெக்கச் சொல்லு."

"அந்தத் தாடைத் தையல்காரன்?"

"வேணாம்."

படியிறங்கி வந்த என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்கள். பாய் சொன்ன பேரெல்லாம் யார் சொன்ன பேர் என்றும், பரங்கிமலையைப் பற்றி வீட்டில் என்ன சொல்லி வைத்திருந்தார் என்றும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு வரச் சொன்னதையும் சொன்னேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். சார் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"மஞ்சள் சட்டைதான் ஜெயிப்பான். அவன் காதருக்கு," என்றார் அதைத் துடைத்தபடி. "நான் தாடையில தையல் போட்டவனை வெச்சுக்கறேன்."

"தோத்துருவ சார்," என்றான் அண்ணன்.

"தெரியும்டா."

நான் மறுபடி மாடி ஏறினேன். அக்கா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மஞ்ச சட்டைக்காரன் அக்கா. அவன்தான் ஜெயிப்பானாம். சார் உட்டுக் குடுத்துட்டாரு."

"அவனுக்கு அடி கிடி எதுனா பட்டுக்கீதா?"

"ஒண்ணும் இல்ல. நல்லா கீறான்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப இந்த ஞாயித்துக்கெழமை அவரு வூட்லயே இருக்கட்டும்," என்றார்.