கோடு இருந்த இடத்தில் ஓர் எண்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நுவரெலியா அரசாங்கப் புள்ளிவிபர அலுவலகத்தில் என் மேசைமேல் மரக்கறிச் செய்கை அட்டவணை விரிந்து கிடந்தது. நான்கு முறை கூட்டியும் விடை ஒத்துவரவில்லை. அந்த எரிச்சலில் இருந்தபோது, கந்தப்பளை பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் கம்பளியைத் தோளில் இருந்து எடுத்து மடித்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"மருதமுத்து ஐயா தவறிட்டாங்க. ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு எங்க லயத்துல சொல்லி அனுப்புனாங்க" என்றார்.

வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, கூட்டலை ஐந்தாம் முறையாகப் போட்டேன். விடை சரியாக வந்தது. பிறகுதான் அழுதேன். மருதமுத்து ஐயாவும் அந்த ஒழுங்கைத்தான் விரும்பியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்திரிகையில் படம் வந்த மனிதர் அல்லர். கந்தப்பளைக்கு மேலே ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருந்தார். பிறகு அரசாங்க விவசாயக் கணக்கெடுப்பில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மலைநாட்டு லயங்களை நடந்தே அளந்தார். நெடிய உருவம், கறுப்புக் கோட்டு, அக்குளில் குடை. அந்தக் குடையை மழையில் தனக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. படிவங்களுக்குத்தான் பிடிப்பார்.

எங்கள் முதல் சந்திப்பு சண்டையில்தான் தொடங்கியது. சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹட்டன் புடவைக்கடைக்காரரின் மகனான நான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்கள் என்றால் நான்தான் என்ற மிதப்பில் இருந்தேன். ஒருநாள் இந்த நெடிய மனிதர் அரசாங்கம் அச்சிட்ட புள்ளிவிபரப் புத்தகத்தை என் மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். கால்நடை அட்டவணை. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களுக்கு நேரே எண்கள் இருந்தன. தோட்ட லயங்களுக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும்.

"இந்தக் கோட்டப் போட்டது யாருங்க?"

"நான்தான்" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கிராமங்களில் மாடு, ஆடு, தோட்டச் செய்கை எல்லாவற்றையும் கிராமத் தலைவர் எழுதி அனுப்புவார். அவர் தோட்டத்து வாசல் கேற்றைத் தாண்ட மாட்டார்; தாண்டவும் விடமாட்டார்கள். தோட்டத்துக்குப் படிவம் தபாலில் போகும். தோட்டத்தை நடத்தும் துரை தேயிலை ஏக்கரை மட்டும் நிரப்பச் சொல்வார். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாடுகளைப் பற்றிய இடம் வெற்றிடமாகத் திரும்பி வரும். வெற்றிடத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. ஆகவே நான் ஒரு கோடு இழுப்பேன். கோடு என்றால் 'இல்லை' என்று பொருள்.

"அந்த எடத்த வெறுமனே விட்டது நானுங்க, தோட்டத்து கிளாக்கர்" என்றார் அவர். "கோடு போட்டது நீங்க. போன மாசம் தொண்ட வீங்கிற நோய் வந்துச்சு. பக்கத்துக் கிராமத்துக்கெல்லாம் தடுப்பூசி வந்துச்சு. எங்க லயத்துக்கு வரல. கேட்டா, புஸ்தகத்துல ஒங்களுக்கு மாடே இல்லையேங்கிறாங்க. எங்க தொழுவம் காலியாப் போச்சு. நாம ரெண்டு பேரும் சேந்துதாங்க கொன்னிருக்கோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். கூலி போதாத வீட்டில் ஒரு கறவை மாடு என்றால் என்ன என்று புடவைக்கடையில் வளர்ந்தவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த விவசாயக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டபோது, தோட்ட வேலையை விட்டுவிட்டு, தற்காலிகக் கணக்கெடுப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். நிரந்தர வேலையை விட்டுத் தற்காலிக வேலைக்கு வந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் ஒருமாதிரிதான் பார்த்தார்கள். பெரிய துரையிடம் தாமே போய்ப் பேசி, லயங்களுக்குள் போக அனுமதியும் வாங்கிவிட்டார்.

முதல் வாரம் படுதோல்வி. போன இடமெல்லாம் ஒரே பதில். காத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் வீட்டில் நடந்ததை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மாடா? எங்ககிட்ட ஏதுங்கய்யா மாடு" என்று அந்த அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய மாடு பின்னாலிருந்து வந்து மருதமுத்து ஐயாவின் கறுப்புக் கோட்டின் நுனியை நக்கிக்கொண்டிருந்ததாம். விதிப்படி, சொன்னதைத்தான் எழுத வேண்டும். பூச்சியம் என்று எழுதிவிட்டு வந்தார்.

மக்கள்மேல் தப்பில்லை. குடியுரிமைக்கு மனுப்போட்டு அலைந்துகொண்டிருந்த காலம் அது. காகிதமும் பென்சிலுமாக யார் வந்தாலும் இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் வருகிறார்கள் என்ற பயம். மாடு வைத்திருப்பது துரைக்குத் தெரிந்தால் புல் வெட்ட விடமாட்டார் என்ற பயம் வேறு. இவை இரண்டையும் விடப் பெரியது ஒன்று இருந்தது. மாட்டின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கே சொல்ல மாட்டார்கள், அரசாங்கத்துக்கா சொல்வார்கள்?

எங்கள் படிவத்தின் முதல் கேள்வியே 'எத்தனை?' என்பதுதான். கொழும்பில் உட்கார்ந்து எழுதிய கேள்வி. இரண்டாம் வாரம் மருதமுத்து ஐயா அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினார். மீண்டும் காத்தாயியின் வாசலுக்குப் போனார்.

"ஒங்க பேர நான் எழுதலம்மா. எத்தனைன்னும் கேக்கல. மாட்டுப் பேர மட்டும் சொல்லுங்க."

மாட்டைப் பெயர் சொல்லி அழைப்பதில் கண்படாது. அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, "லெச்சுமி" என்றார். பிறகு, "அது மக செவலச்சி." பிறகு நிறுத்த முடியவில்லை. செவலச்சி எந்த மழையில் பிறந்தது, யாரை முட்டியது, கறக்கும்போது எந்தக் கையைப் பார்த்தால் உதைக்கும் என்று அத்தனையும் வந்தது. அதே லயத்தின் பக்கத்து அறைகளில் இருந்த காம்பிராக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் மாடுகளுக்கும் பெயர் உண்டல்லவா? லயம் முழுதும் வாசலுக்கு வந்துவிட்டது. ஐயா ஓரத்தில் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு கேற்றுக்கு வெளியே போய்ப் பெயர்களை எண்ணி, கட்டத்தில் இலக்கத்தைப் போட்டார்.

அந்தப் படிவங்கள் என்னிடம் வந்தபோது நான் பட்ட கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஓரமெல்லாம் மயிலை, வெள்ளச்சி, கறுப்பாயி. நடுவில் சிவப்புப் பொட்டுகள். "சிவப்பு மை மேலதிகாரிகளுக்கு மட்டும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நேரில் வந்துவிட்டார்.

"மை இல்லைங்க, என் ரத்தம். காட்டுல அட்டை கடிச்சது. அதுக்கு ஆபீஸ் விதியெல்லாம் தெரியாதுங்க."

கொழும்புக்கு அது சிரிப்பாக இல்லை. போன புத்தகத்தில் கோடு. இந்த முறை இவ்வளவு பெரிய தொகையா? விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கும் ஐயம் உண்டு என்று நான் பதில் எழுதினேன். இன்றும் என்னை உறுத்தும் வாக்கியம் அது. ஒரு பரிசோதகரை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஏதாவது ஒரு லயத்தை அவரே தெரிந்தெடுத்துப் பார்ப்பார். கணக்குப் பொய்த்தால் மருதமுத்து ஐயாவுக்கு வேலை இல்லை. தோட்டப் படிவங்கள் அத்தனையும் தள்ளுபடி. மீண்டும் கோடு அச்சாகும், நோய் வந்தால் மீண்டும் ஊசி வராது.

பரிசோதகர் நல்ல சிங்கள மனிதர், அதிகம் பேசாதவர். அவர் சீட்டுப்போட்டு எடுத்தது காத்தாயியின் லயம். நாங்கள் மூவரும் ஜீப்பில் போனோம். அங்கேதான் விதி விளையாடியது. மலைவளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டதுமே, அரசாங்கம் மாடு பிடிக்க வருகிறது என்று லயத்தார் அத்தனை மாடுகளையும் மேலே புல்மலைக்கு ஓட்டிவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது தொழுவத்தில் ஒரு கன்றுகூட இல்லை. சாணம் மட்டும் சூடாகக் கிடந்தது.

பரிசோதகர் காலித் தொழுவங்களைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

மருதமுத்து ஐயா அவரிடம் சிங்களத்தில், "மாத்தயா, நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தத் தாளில் இருக்கும் பெயர்களை நீங்களே வாசியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பிறகு வாசல்களில் நின்ற மக்கள் பக்கம் திரும்பினார்.

"இவங்க மாடு பிடிக்க வரல. நீங்க மறைச்சா இந்தத் தாள்ல கோடுதான் விழும். போன தடவ கோடு விழுந்து என்னாச்சுன்னு ஒங்களுக்கே தெரியும். நான் சொல்றது அவ்வளவுதான்."

பரிசோதகர் தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி, "லெச்சுமி" என்று வாசித்தார். காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலை விட்டு இறங்கினார். மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "லெச்சுமீ... ம்பா... ம்பா..."

மேலே மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மாடு கத்தியது. கொஞ்ச நேரத்தில் லெச்சுமி ஆடி அசைந்து இறங்கி வந்தது, பின்னாலேயே செவலச்சி. பரிசோதகர் இரண்டு சரி போட்டார். அடுத்த பெயரை வாசித்தார். அடுத்த வாசலிலிருந்து அடுத்த குரல். அப்புறம் அவர் வாசிக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. மலையே இறங்கி வருவதுபோல் மாடுகள் வந்தன. தாளில் இருந்த ஒவ்வொரு பெயரும் வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. வெள்ளச்சியின் காலடியில் ஈரம் காயாத ஒரு கன்று. பரிசோதகர் சிரித்துக்கொண்டே அதையும் சேர்க்கப் போனார். மருதமுத்து ஐயா தடுத்துவிட்டார். கணக்கு நாளுக்குப் பிறகு பிறந்தது, சேர்க்கக் கூடாது என்றார். வெள்ளச்சியின் சொந்தக்காரி சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏங்கய்யா, எங்க கன்னு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவம் ஒன்னும் இல்லம்மா. அது அவசரப்படாம பொறந்திருக்கு, நாமளும் அவசரப்படாம எழுதுவோம்."

வெற்றி கையில் இருக்கும்போதும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்ள மறுத்த அந்த நிமிடத்தில், என் ஐயமெல்லாம் போய்விட்டது. ஜீப்பில் திரும்பும்போது பரிசோதகர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இனி இவருடைய படிவங்களைப் பற்றி என்னிடம் ஐயம் எழுப்பாதீர்கள்."

புத்தகம் அச்சாகி வந்த அன்று நான் முதலில் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான். கோடு இருந்த இடத்தில் ஓர் எண் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கந்தப்பளைக்குப் போனேன். ஐயா பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அச்சு நல்லா விழுந்திருக்குங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் வீட்டில் எனக்குக் கிடைத்த சாப்பாடு கல்யாணச் சாப்பாடு.

அதன்பிறகு நோய் ஒருமுறை வந்தது. கால்நடை வைத்தியரின் வண்டி லயத்து வாசலுக்கே வந்தது. எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை எங்கள் அட்டவணையைப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு மாடுகூடச் சாகவில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைவரை மற்றத் தோட்டங்களின் கணக்கெடுப்பாளர்களும் ஐயாவின் முறையில்தான் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்து அச்சான படிவங்களின் ஓரத்தில் பெயர் எழுதக் கொஞ்சம் இடமும் விட்டிருந்தார்கள். அந்த அகலமான ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

புதன்கிழமை அவரை அடக்கம் செய்தோம். மறுநாள் காலை பால் தெளிக்கப் போனேன். வழக்கமாக வீட்டார் ஒரு செம்புப் பால் கொண்டுபோவார்கள். அன்று தேயிலை மலையின் எல்லா ஒற்றையடிப் பாதைகளிலும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் செம்பு, போத்தல், தகரப் பேணி. எல்லாவற்றிலும் அன்று காலை கறந்த பால். வரிசையில் நின்று ஊற்றினார்கள். மண் குடித்து முடிக்க முடியாமல் வெண்மை ஓரத்தில் வழிந்து ஓடியது.

நான் கையை வீசிக்கொண்டு போயிருந்தேன். ஒதுங்கி நின்ற என்னிடம் காத்தாயி வந்தார், தலை நரைத்துவிட்டது. தன் செம்பில் பாதியை மிச்சம் வைத்திருந்தார்.

"நீங்களும் ஊத்துங்கய்யா. இது அவங்க காப்பாத்திக் குடுத்த பாலுதான்" என்றார்.

கோடு போட்ட கை தயங்கியது. பிறகு இரண்டு கையாலும் வாங்கி ஊற்றினேன். போய் வாருங்கள், மருதமுத்து ஐயா. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.