ஆத்தா ஆட்டு உண்ணி

மில்லில் நாளெல்லாம் தறியோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் சாமிக்கண்ணுவுக்கு வீட்டிலும் ஒரு ஷிப்டு காத்திருக்கும்: பூனைக்கு உண்ணி எடுப்பது.

முதலியார்பேட்டையில் அவனைத் தெரியாதவர் இல்லை. சங்கக் கூட்டமென்றால் முன்வரிசை. கோயில் வசூலென்றால் வாசலிலேயே வாக்குவாதம். அப்படிப்பட்டவன் தன் பூனை கருப்பியை மடியில் கிடத்தி, காதை விரித்து, உண்ணியைத் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவான். போன வருஷம் அதன் தாய் ஈறு வெளுத்து, இரை எடுக்காமல் செத்தது. அப்போதே மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்: "உண்ணி ரத்தத்தை மட்டுமா குடிக்குது? நோயையும் உள்ள எறக்கிடுது. கொசுவுக்கு அடிக்கிற பவுடரைத் தடவிடாதே, நக்கிட்டுச் செத்துப்போகும். கையால எடு. எங்கேருந்து ஏறுதுன்னு பாரு."

எங்கிருந்து என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு வைத்திலிங்கம் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஆடியில் வெட்டும்வரை அதை யாரும் அடிக்கவோ விரட்டவோ கூடாது. கழுத்து மடிப்பெல்லாம் உண்ணி கொத்துக்கொத்தாய்த் தொங்கியது. அது படுப்பதோ சாமிக்கண்ணுவின் விறகுக் கொட்டகையில். அதன் வயிற்றுச் சூட்டுக்கு ஒட்டிக்கொண்டு படுப்பது கருப்பி. மாலையில் இவன் எடுத்து முடிப்பான். விடிந்தால் மறுபடி ஏறியிருக்கும்.

"அண்ணே, உம்ம ஆட்டை நானே சுத்தம் பண்ணித் தர்றேன்."

"உண்ணியைப் புடுங்கினா ரத்தம் வரும். வெட்டுக்கு முந்தி ரத்தம் சிந்தினா நேர்த்தி கெட்டுப்போச்சு. ஆத்தா சொத்துப்பா அது."

"உண்ணி தெனம் குடிக்குதே, அது ரத்தம் இல்லாம மோரா?"

"உன் வாய்க்குத்தான் உன் பூனைங்க சாவுது."

ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரனே கொடியை இறக்கிப் போய்விட்டான். இந்த ஆட்டை ஒரு கொட்டகையிலிருந்து இறக்க ஆள் இல்லையே என்று சாமிக்கண்ணு பல்லைக் கடித்தான்.

ஒரு மாலை கருப்பி எழுந்து வரவில்லை. உடம்பு கொதித்தது. உதட்டை விலக்கினான், ஈறு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் மருந்து வாங்கிப் புகட்டினான். பிறகு ஆட்டைக் கட்டிப்போடக் கயிறு எடுத்தான். மனைவி கொளஞ்சி குறுக்கே நின்றாள்.

"வைய்யா கயித்தை. ஆட்டைத் தொட்டுச் சுத்தம் பண்ணலாமான்னு ஆத்தாகிட்ட நான் போயி பூக் கேட்டுட்டு வர்றேன்."

அம்மன் முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

"ஆடு இங்க நிக்குது, கை இங்க இருக்குது, உத்தரவு பூவுலயா? செவப்பு வந்தா பூனை சாவணுமா?"

"நீ நியாயம் பேசினியே, எவனாவது வந்து கொம்பைப் புடிச்சானா?"

அவன் கயிற்றைக் கீழே போட்டான். கருப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பூவுக்காகக் காத்திருந்தான். அவன் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான பொழுது இல்லை.

வெள்ளை வந்தது. வைத்திலிங்கமே வந்து கொம்பைப் பிடித்தார். பெண்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்து ஆட்டுக்குத் தடவினார்கள். சாமிக்கண்ணு ஒவ்வொன்றாக எடுத்தான். கொட்டகைக் குப்பையை வாரிக் கொளுத்தினான். மருந்து தொடர்ந்தது. சில நாளில் கருப்பி மெதுவாக வந்து மத்தி மீன் தலையை மோந்து பார்த்தது, பிறகு தின்றது.

"பாத்தியா, ஆத்தா காப்பாத்திட்டா!" என்றார் வைத்திலிங்கம்.

"என் நகம் தேஞ்சுது, ஆத்தாளா காப்பாத்தினா? அடுத்த வருசக் கிடாவையாவது நேந்துவிடறதுக்கு முந்தியே எங்கிட்ட கொண்டாந்து காட்டும்!"

"கொண்டாந்துட்டாப் போச்சு," என்றார் அவர் பெருந்தன்மையாக. "அதுக்கும் ஒரு பூக் கேட்டுடறேன்."