கொடிக்கயிற்றால் அளந்த வண்டி

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் முப்பது வருஷம் அடுத்தவர் படுத்து எழுந்த மெத்தைக்கு விரிப்பு மாற்றினேன். ஒருநாள்கூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். வேலையை விட்ட அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்: கடலைப் பார்க்கப் போக வேண்டும், ஆனால் லாட்ஜில் தங்கக் கூடாது. என் மெத்தை என்னோடு வர வேண்டும்.

டிரெய்லர் ஆசை அப்படி வந்ததுதான். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற, சரக்கு ஏற்றுகிற மூடிய பெட்டி. அதை அளவு சொல்லிச் செய்யவைத்து வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் போட்டால் வீடு. இதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆயுசெல்லாம் டாக்ஸி ஜீப் ஓட்டியவர்.

"நீளமாப் போச்சுன்னா கொண்டை ஊசி வளைவுல திரும்பாது புள்ள. உன் நீளத்துக்குக் கட்டில் போதும். நான் ஜீப்புலயே படுத்துக்கிறேன்" என்றார்.

"நல்லதாப் போச்சு. குறட்டை வெளியில கெடக்கட்டும்" என்றேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும். அடி, அங்குலம் வராது. அளக்கக் கயிறு இருக்கிறதே. எங்கள் ஊர் வில்பட்டியில் அப்போது நாலு நாளாக விடாத மழை. துணி காயப்போடும் தேங்காய்நார்க் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, வீட்டுக்குள் தரையில் நீட்டிப் படுத்தேன். அவர் என் தலைக்கு மேலே ஒரு முடிச்சும் காலுக்குக் கீழே ஒரு முடிச்சும் போட்டார். அடுப்பு மேடைக்கும் சாமானுக்கும் இடம் விட்டு மூன்றாவது முடிச்சு. அவர் அந்தக் கயிற்றை ஜீப்புக்குப் பின்னால் நீட்டிப் பார்த்து, மனசுக்குள்ளேயே பத்து வளைவு திரும்பிவிட்டு, "இதுக்கு மேல ஒரு விரல்கூட ஆகாது. கூடுனா மலையேறாது. அடிவாரத்துலயே வித்துட்டு வர வேண்டியதுதான்" என்றார்.

கயிற்றைப் பையில் சுருட்டிக்கொண்டு பழனிக்கு இறங்கினோம். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை அது. பட்டறைக்காரர் டேப்பை எடுத்தார்.

"ஆத்தா, எத்தனை அடின்னு எழுதிக்கிறேன்."

"எழுத வேணாம் தம்பி. எழுத்து மாறும். கயிறு மாறாது. இதை வச்சே செய்யுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கயிற்றைத் தகரக் கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டினார். கேரட் நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், வெயிலில் கண்ணைப் பறிக்கிற கேரட் நிறத்தில் நிற்கிறது என் வண்டி. கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். உள்ளே ஏறிக் கட்டிலில் படுத்தேன். காலுக்குக் கீழே நாலு விரல் அகலம் சும்மா கிடந்தது. வெளியில் என் வீட்டுக்காரர் சாணால் அளந்தார். வீட்டில் கயிற்றுக்கு எண்ணிய கணக்கைவிட மொத்தப் பெட்டியும் ஏறக்குறைய ஒரு சாண் கூடுதல்.

"தம்பி, யாருக்குச் செஞ்ச வண்டி இது?" என்றேன் பட்டறைக்காரரிடம்.

அவர் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து பெட்டியில் வைத்துக் காட்டினார். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"மழையில கொடிக்கயிறு சுருங்கி விறைச்சு நிக்கும். வெயில்ல நீண்டு தொங்கிப் போகும். ஐம்பது வருசமாத் துணி காயப்போடுற, தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும்.

"கெளப்புங்க. ஏறுதான்னு பாப்போம்" என்றேன்.

முதல் வளைவுகளில் அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு அகலமாகத் திருப்பினார். எதிரே வந்த பஸ் எங்களுக்காக நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "கல்யாண வண்டியாங்க?" என்று கேட்டார். "ஆமா, பொண்ணு நான்தான்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

நெருக்கமான ஒரு வளைவில் பெட்டி கல்சுவரை ஒட்டிக்கொண்டு நின்றது. நான் இறங்கி ஓடினேன். இந்த வயசில் ஓட்டம் என்றால் ஓட்டம்தான். சுவருக்கும் கேரட் பெயின்ட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை தட்டையாக நுழைந்தது.

"வாங்க, வாங்க, மெதுவா, என் கை நுழையுது" என்று பின்னாலேயே நடந்தேன். கூடிப்போன அந்த ஒரு சாண் என்னைப் பழிவாங்குமோ என்று பெயின்ட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. பெட்டி சுவரைத் தொடாமல் நழுவித் திரும்பியது.

பெருமாள்மலை தாண்டி, நாயுடுபுரம் வழியாக வில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறியது. வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியதும் அவர் உள்ளே ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு என் கட்டிலில் நீட்டிப் படுத்தார். தலை ஒரு முனையில், பாதம் மறுமுனையில். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உங்களுக்காகத்தான் அளந்தேன்" என்றேன், முகத்தைச் சிரிக்க விடாமல்.

அவர் கூரையில் விழும் தூறலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழையில நனைஞ்சா இதுவும் சுருங்கிருமா புள்ள?"

"சுருங்குனா ஜீப்புக்குப் போங்க" என்றேன். அவர் நகரவில்லை. நான் மெத்தை விரிப்பை எடுத்துவர வீட்டுக்குள் போனேன்.