தீக்கோட்டில் காய்ந்த கொள்ளு

புல் செழித்துக் கிடப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஆள் அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நான் ஒருவன்தான். மற்றவர்கள் மாடு வைத்திருந்தார்கள். நான் காடு வைத்திருந்தேன்.

காடு என்றதும் யானை நிற்கிற காடு என்று நினைத்துவிட வேண்டாம். குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே, ராஜா காலத்தில் முயலும் பன்றியும் வேட்டையாடுவதற்கென்று விட்டுவைத்திருந்த காடு. உசிலை, காரை, சூரை, நடுநடுவே பாறை, பாறையைச் சுற்றி இடுப்பளவு புல். ராஜா போய் சர்க்கார் வந்தபோது அதற்கு ரிசர்வ் என்று பெயர் வைத்து, நான்கு மூலையிலும் கல் நட்டார்கள். கோடையில் அது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள, மாசி பிறந்ததும் ஒரு ஆளைத் தற்காலிகமாக நியமிப்பார்கள். ஃபயர் வாச்சர் என்று அந்த வேலைக்குப் பெயர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டே விரல் தேய்ந்திருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. கூடவே ஒரு காக்கிச் சட்டை, ஒரு அரிவாள், ஒரு விசில்.

சட்டையைக் கொடுத்த அன்றே வன இலாகா ரேஞ்சர் சொன்னார்: “இந்தக் கோடை தீயில்லாமக் கழிஞ்சா நிரந்தரமா ஃபாரஸ்ட் கார்டு வேலைக்கு உன் பேரை எழுதி அனுப்புறேன். தீப்பிடிச்சா சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போயிடு.”

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தச் சட்டைக்கு வீட்டில் இருந்த மரியாதை எனக்கு இல்லை. ஆத்தா அதை தினம் துவைத்தாள். கொல்லையில் கொடி இருக்க, தெருப்பக்க வேலியில் கொண்டுவந்து காயப்போட்டாள். யாராவது கேட்காமல் தாண்டிப் போனால், “சர்க்காரு சட்டை, வெரசாக் காயாது” என்று இவளாகவே சொல்லுவாள். அது கார்டு சட்டையாக மாறிவிட்டால் பெண் பார்க்கப் போகலாம் என்று அப்பா கணக்கு வைத்திருந்தார். ஆக, அந்தக் காட்டில் ஒரு தீக்குச்சி விழுந்தால் எங்கள் வீட்டில் பல காரியங்கள் எரிந்துபோகும்.

முதல் வேலை தீக்கோடு வெட்டுவது. காட்டின் ஓரத்தில், ஊரைப் பார்த்த பக்கம் முழுக்க, இரண்டு வண்டி எதிரெதிரே போகிற அகலத்துக்குப் புல்லையும் புதரையும் செதுக்கி எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து தீ வந்தால் மேற்கொண்டு தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கேயே பட்டினி கிடந்து செத்துப்போகும். கூலிக்கு வந்த ஆட்களோடு நானும் குனிந்து செதுக்கினேன். வழியில் போன பங்காளி முறைச் சித்தப்பா ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“என் மவனும் புல்லுதான் செதுக்குறான். அவன் பள்ளிக்கூடத்துக்கே போகல. நீ பரவால்லடா, இங்கிலீசு படிச்சிட்டுச் செதுக்குற. புல்லு கொஞ்சம் பயந்து வரும்.”

செய்வதைத் திருந்தச் செய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செதுக்கியதோடு விடாமல் கல் பொறுக்கினேன். ஈர்க்குமாறு வாங்கி வந்து, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூட்டினேன். வேலை முடிந்து பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அப்படியொரு துப்புரவு.

பட்டது என் கண்ணல்ல, ஊர்க் கண்.

நான் காட்டின் மறுகோடியைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், தீக்கோட்டின் மேல் கொள்ளுச் செடி காய்ந்துகொண்டிருந்தது. கொடியும் நெற்றுமாக முறுக்கென்று காய்ந்து, ஒரு பொறி பட்டால் போதும் என்ற பக்குவத்தில். அதைக் காலால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தது எங்கள் ஆத்தா.

“ஆத்தா, என்ன செய்யிற?”

“தெரியல? கொள்ளு காயப்போடுறேன்.”

“இது தீக்கோடு. இது மேல காஞ்ச பொருள் எதுவும் இருக்கப்படாது. அதுக்குத்தானே வெட்டினது!”

“சும்மாதானேடா கெடக்கு? நம்ம களத்துல ஒங்க பெரியப்பன் வீட்டுக்காரன் வைக்கோப் படப்பைப் போட்டு அடைச்சுட்டான். மவன் இம்புட்டுப் பெரிய களத்தைக் கூட்டி வச்சிருக்கான், நான் எவன் களத்துல போயி கை ஏந்துறது?”

“களம் இல்ல ஆத்தா, கோடு!”

“கோடுன்னா கோடு. கோட்டுல காயப்போட்டா கொள்ளு காயாதா?”

ஆத்தாவை விட்டால் மற்றவர்கள் விடுவார்களா? மறுநாள் வரகு வைக்கோல் வந்தது. அதற்கடுத்து கடலைக்கொடி, சோளத்தட்டை, கூரை வேய அறுத்த மஞ்சம்புல் என்று வரிசை கட்டி வந்தன. யாரோ ஒரு அம்மாள் தன் பங்குக்குச் சாணி தெளித்து மெழுகியே விட்டிருந்தாள். நான் கல் பொறுக்கிய இடத்தில் எல்லைக்குக் கல் வைத்து, “இது எங்க எடம், அங்கிட்டுத் தள்ளிப் போடு” என்று இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீக்குத் தடை போட நான் வெட்டிய கோடு, தீக்கு இலை போட்டுப் பரிமாறி வைத்த பந்தியாகிவிட்டது.

ஊரைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். காலையில் எல்லாரும் கூடுகிற டீக்கடையில் நின்று, ரேஞ்சர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“இந்த வருசம் தீ அபாயம் சாஸ்தி. ஏன்னா போன ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை. மழை பெஞ்சா புல்லு வளரும். மாசியில காயும். பங்குனிக் காத்துல பத்தும். அதனால மழை நல்லாப் பெஞ்ச வருசந்தான் நாம பயப்படணும்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார். “மழை பெய்யாத வருசம்?”

“புல்லு இருக்காது. தீ பயம் கம்மி.”

“அப்ப மானம் பொய்க்கணும்ங்குற.”

“நான் அப்படிச் சொல்லலீங்க...”

“யோவ், கேட்டியளா? நல்ல மழை பெஞ்சதுக்கு அழுவுற ஆளை இன்னைக்குத்தான்யா பார்க்குறேன். தம்பி, நீ இதைக் கண்மாய்க்கரையில நின்னு சொல்லிப்புடாதே. மடையில தூக்கி வச்சு அடைச்சிருவாங்ஞ.”

சாயங்காலத்துக்குள், பஞ்சம் வந்தால் தேவலை என்று நான் வேண்டிக்கொள்வதாக ஊர் முழுக்கப் பேச்சு. சரி, முன்னேற்பாட்டையாவது செய்வோம் என்று, நான் விசில் ஊதினால் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும், கொப்பால் அடித்தால் புல்தீ அணையும் என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் சரி சரி என்றார்கள். ஒத்திகைக்கு ஒருநாள் ஊதிப் பார்த்தேன். இரண்டு நாய் வந்தது. பிறகு எங்கள் அப்பா வந்தார், கொப்பு இல்லாமல்.

“சாப்பிட வாடா, ஆத்தா கூப்பிடுறா. ஏன் ஊதிக்கிட்டே நிக்கிற?”

அப்படியிருக்கும்போது ரேஞ்சர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் வந்து தீக்கோட்டைப் பார்வையிடுவார். வியாழக்கிழமை காலை நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். “இன்னும் ரெண்டு வெயில் காயட்டும்பா” என்பதுதான் எல்லா வாசலிலும் பதில். ஆத்தாவும் அதையே சொன்னாள். கொள்ளு ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்றால் அவளுக்குக் கொள்ளு மேல்தான் நம்பிக்கை.

கெஞ்சி வாய் ஓய்ந்துபோய்க் கண்மாய்ப் பக்கம் போனேன். அங்கே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரி ஒருவர் தன் செம்மறி மந்தைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அறுத்த வயல்களில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு உரமேற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்கு நகர்கிற ஆட்கள். என் சட்டையைப் பார்த்ததும் அவர் மந்தையைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, நில்லுங்க! இன்னைக்கு ராத்திரி கிடையை என் தீக்கோட்டுல போடுங்க.”

அவர் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து காக்கியக் கண்டா ஓடித்தான் பழக்கம். காக்கியே வந்து காட்டுக்கு ஆட்டை ஓட்டுங்குது. நெஞ்சு அடைக்குதுப்பா.”

“காட்டுக்குள்ள போகப்படாது. கோட்டுல மட்டும். அங்க கொள்ளு, கடலைக்கொடி எல்லாம் கெடக்கு. விடியக்காலம் ஓட்டிட்டுப் போயிரணும்.”

கடலைக்கொடி என்றதும் அவருக்கு நெஞ்சடைப்பு நின்றுவிட்டது.

என் கணக்கு ஒன்றும் தப்பவில்லை. பொழுது சாயக் கிடை இறங்கியது. இறங்கிய சேதி நாயைவிட வேகமாக ஊருக்குள் ஓடியது. நான் விசில் ஊதி வராத ஊர், ஆடு கத்தி வந்தது. “ஏய் ஓட்டு! ஓட்டு!” என்று கத்திக்கொண்டு, கூடையும் சாக்குமாக அள்ளிய அள்ளில் அரை நாழியில் முக்கால்வாசி போய்விட்டது. அள்ள முடியாமல் விட்டதையும் சிந்தியதையும் ராத்திரியெல்லாம் ஆடுகள் பொறுக்கித் தின்றன. விடிந்து பார்த்தால் கோட்டில் ஒரு துரும்பு இல்லை. புழுக்கையும் மூத்திரமும் மிதிபட்டு, மண் கருத்து ஈரமாக, நான் ஈர்க்குமாறு போட்டதைவிடச் சுத்தமாக இருந்தது.

ஆனால் ஆடு போகவில்லை. கொள்ளும் கொடியும் தின்று வயிறு உப்பி, படுத்த இடத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தன. கீதாரி கம்பால் தட்டினார். ஒன்றிரண்டு எழுந்து, ஓரடி தள்ளிப் படுத்துக்கொண்டன.

“தின்னது சேராம எந்திரிக்காது தம்பி. கல்யாண வீட்டுல சாப்புட்டவன் எந்திரிப்பானா?”

போதாததற்கு, கொள்ளும் கொடியும் பறிகொடுத்தவர்கள் ஊர் கூடி வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது எங்கள் ஆத்தா. பெத்த பிள்ளையே கூட்டி வந்த ஆடு என்று தெரியாமல் கீதாரியைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். கீதாரி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணால் மட்டும் ‘பார்த்துக்க’ என்று சொன்னார்.

மத்தியானம் வர வேண்டிய ஜீப், அந்த நேரம் பார்த்துக் காலையிலேயே வந்து நின்றது.

ரேஞ்சரோடு வந்த டவாலிச் சேவகர் முதலில் இறங்கினார். ஐயாவின் சாப்பாட்டுக்கு ஒரு சேவலும் சட்டியும் கொண்டுவந்திருந்தார். காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, கோட்டுக்கு வெளியே, தரிசுப் புல்லின் நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டினார்.

ரேஞ்சர் கோட்டுக்கு வந்தார். ஒரு ஆடு அவரைப் பார்த்து ஏப்பம் விட்டது.

“என்னடா இது?”

“தீக்கோடு சார்.”

“அது மேல?”

“ஆடு சார்.”

“ரிசர்வுல ஆடு படுத்திருக்கு! காவல்காரன் நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்க! கழட்டுடா சட்டையை!”

நான் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் “கழட்டு” என்றார் இன்னொரு தடவை. ஆத்தா கீதாரியைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினேன். கடைசிப் பொத்தானில் கை இருக்கும்போது கறிக் குழம்பு வாசம் வந்தது. அதன் பின்னாலேயே வேறொரு வாசம். திரும்பினேன்.

பங்குனிக் காற்றுக்கு வேப்பமரமும் தெரியாது, ரேஞ்சரும் தெரியாது. அடுப்பிலிருந்து ஒரு நாக்கு புல்லுக்குத் தாவி, புல்லிலிருந்து புல்லுக்கு ஓடி, படபடவென்று கோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் டவாலி ஓடி வந்தார், கையில் கரண்டியோடு.

விசில் சட்டைப் பையில் இருந்தது. ஊதத் தோன்றவே இல்லை. தேவையும் இல்லை. நான் பல நாள் கெஞ்சி வராத அத்தனை பேரும், சண்டைக்கு வந்தவர்களாக, கையில் கம்போடு அங்கேயே நின்றிருந்தார்கள்.

“கொப்பு ஒடிங்க! கொப்பு!” என்று கத்தியபடி ஓடினேன். ஆவாரையும் புங்கையும் ஒடிபட்டன. ஆத்தா ஒரு பக்கம், கீதாரி ஒரு பக்கம், அடியோ அடி. கீதாரி மேல் இருந்த கோபத்தையெல்லாம் தீயின் மேல் இறக்கினார்கள். எனக்குக் கொப்பு அகப்படவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு அடித்தேன். கல்யாண வீட்டு ஆடுகள் ஒருவழியாக எழுந்து கண்மாயைப் பார்த்து ஓடின. எங்கள் கைக்குத் தப்பின தீ கோட்டின் விளிம்புவரை வந்தது. முன்னால் ஈர மண்ணும் புழுக்கையும். முனகிப் புகைந்து அணைந்துபோனது.

ரேஞ்சர் முகத்தில் கரி. வேப்பமரத்தடியில் சட்டி கவிழ்ந்து, சேவல் இருந்த இடம் தெரியவில்லை. அவர் எரிந்த தரிசைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு இலை கருகாமல் நின்ற காட்டைப் பார்த்தார்.

“தீ எங்க பிடிச்சுது?” என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

“வெளியில சார். தரிசுல.”

“ரிசர்வுக்குள்ள?”

“இல்ல சார்.”

“அப்ப ரிசர்வுல இந்தக் கோடையில தீ இல்ல.”

“இல்ல சார்.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆடு?”

நான் கோட்டைப் பார்த்தேன். ஓர் ஆடுகூட இல்லை. “எந்த ஆடு சார்?”

அவர் என்னையே பார்த்தார். டவாலி கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “சரி, சட்டையைப் போட்டுக்க” என்றார் ரேஞ்சர்.

போட்டுக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. கையில் பார்த்தால் ஒரு காலரும் இரண்டு பொத்தானும் மிச்சம். கொப்பு இல்லாமல் நான் தீயை அடித்தது கழற்றிய அந்தச் சட்டையால்தான். ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, கொள்ளு போனதற்குக்கூட அழாதவள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஐப்பசியில் கார்டு வேலைக்கு உத்தரவு வந்தது. புதுச் சட்டை இரண்டு கொடுத்தார்கள். ஒன்று உடம்பில் இருக்கும், ஒன்று வேலியில் இருக்கும். அந்த வருஷமும் மழை நல்ல மழை. தை கடைசியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே ஆத்தா கேட்டாள்:

“ஏண்டா, கோடு எப்ப வெட்டப்போற? கொள்ளு முத்திருச்சு.”

அன்று சாயங்காலமே நான் கண்மாய்ப் பக்கம் போய், தெற்கேயிருந்து மந்தை ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.