பிறேக் விளக்கைக் கழற்றுகிறவர்

பிடித்து நடக்கும் வோக்கரின் ரப்பர்க் கால்கள் சீமெந்துத் தரையில் தட்டும் சத்தம் குசினிப் பக்கமிருந்து கேட்டதும், ஜெயசிங்கம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். மனைவி டொறத்தி கராஜ் வாசலில் வந்து நின்று, ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும்வரை அது மூக்கில் இருக்கும். சத்தம் தேய்ந்ததும் மறுபடி பைக்குள் போய்விடும். அந்தக் கண்ணாடி, மருந்துக்கடை ஸ்ராண்டில் தொங்கியவற்றில் ஆகக் குறைந்த பவர் உள்ளதாகப் பார்த்து வாங்கியது. அதைப் போட்டால் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதும் கொஞ்சம் மங்கும். அறுபத்தேழு வயதிலும் தெருமுனையில் திரும்புகிற லொறியின் நம்பரை வெறுங்கண்ணால் வாசிக்கிறவர் அவர்.

கிரவீன் என்ற புறநகரில் இருக்கும் அந்த வீட்டுக் கராஜுக்கு மாதம் ஒன்றிரண்டு பழைய கார்கள் வரும். கொண்டுவருகிறவன் டினேஷ், டொறத்தியின் தம்பி மகன். கிழமை நாட்களில் பிளம்பர். சனிக்கிழமைகளில் நகருக்கு மேற்கே ஒரு மண் வட்டத்தில் ஸ்ரொக் கார் ஓட்டுகிறவன். வீட்டுக் காரைக் குடைந்து, உள்ளே இரும்புக் கூடு வைத்து, கதவுகளை ஒட்டி மூடி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுற்றுகிற பந்தயம் அது. "மாமா, கிளாஸ் அவுட், பிறேக் லைற்ஸ் ஃபுல்லா அவுட், ஓகே?" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவான். ஜெயசிங்கம் மற்ற வேலைகளுக்கு முன் பின்விளக்குகளில்தான் கை வைப்பார். உடைத்து எடுப்பதில்லை. திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரை அளவாக வெட்டி, விளக்கை மேசையில் துணி விரித்துக் கிடத்துவார். பிறகு அந்த ஓட்டையை அலுமினியத் தகட்டால் மூடுவார்.

ஏன் இதைக் கழற்றுகிறியள் என்று டொறத்தி முதல் கார் வந்த நாளிலேயே கேட்டார். சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஜெயசிங்கம் விடவில்லை. "உடைஞ்சால் துண்டு துண்டாப் பாதையில கிடக்கும், ரயர் போயிடும். அது ஒண்டு. மற்றது, அங்க ஓடுற எல்லாருக்கும் எந்த வளைவில எப்ப மிதிக்கிறதெண்டு தெரியும். முன்னால சிவப்பு எரிஞ்சால் பின்னால வாறவன் வெருண்டு மிதிப்பான், அவனுக்குப் பின்னால வாறவன் இவனில ஏறுவான். அதோட, நான் எங்க பிறேக் பிடிக்கிறன் எண்டு எதிரிக்கு ஏன் காட்டவேணும்?"

"அப்ப பின்னால வாறவன் எதைப் பாக்கிறது?"

"ஒண்டையும் பாக்கத் தேவையில்ல. தன்ர பாட்டில ஓட வேண்டியதுதான்."

"விசர் விளையாட்டு," என்று சொல்லிவிட்டு டொறத்தி உள்ளே போனார்.

காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. விளக்கில்லாத காரில் யாரும் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துக் காட்ட வேண்டியதில்லை. யாரும் பின்னால் நின்று எரிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. எரிகிறது என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற வேலையும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் அவருடைய சோறு அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. பெண்டில் ஹில்லில் ஒற்றைத் தகரக் கதவுக் கராஜ். வருடாவருடம் காரைப் பதியுமுன் எடுக்க வேண்டிய பிங்க் சிலிப் என்ற பரிசோதனைத் தாளுக்கு, சுற்று வட்டாரத்துத் தமிழர் பாதிப்பேர் அவரிடம்தான் போவார்கள். ஒரு பல்ப் எரியாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த மச்சானின் வானையே இரண்டு தரம் திருப்பியவர் என்று பெயர். பிறேக் விளக்கைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். டொறத்தி பில் எழுதுகிற கதிரையிலிருந்து எழுந்து வந்து ஓட்டுநர் சீற்றில் உட்காருவார். ஜெயசிங்கம் டிக்கிக்குப் பின்னால் நிற்பார்.

"மிதியும்."

"மிதிச்சாச்சு. எரியுதோ?"

"எரியுது. விடும்."

"விட்டாச்சு."

ஒரு நாளைக்கு எட்டுக் கார், பத்துக் கார். வீட்டில் கோபம் போட்டுக்கொண்டு வந்த நாட்களில்கூட இந்த நாலு வார்த்தையும் நடந்தே தீரும். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும் என்று டொறத்தி கோயிலில் தெரிந்த பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பிறகு டொறத்திக்குப் பாரிசவாதம் வந்தது. கை தேறிவிட்டது, பேச்சும் தேறியது. வலது கால் மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது. நாலு மாதம் கழித்து வோக்கரோடு கராஜுக்கு வந்து, தன் வேலையைத் தா என்று நின்றார். காலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், அது நல்லது என்று பயிற்சி கொடுத்த பெண் பிள்ளையும் சொல்லியிருந்தது. அன்றைக்கு முதல் காருக்கு, "மிதிச்சாச்சு, எரியுதோ?" என்று உள்ளேயிருந்து குரல் உற்சாகமாக வந்தது. பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. கால் பெடலில் வெறுமனே கிடந்தது. அழுத்துகிறோமா இல்லையா என்பது அந்தக் காலுக்கே தெரியவில்லை. ஜெயசிங்கம் வாயைத் திறந்தார். "எரியுது," என்றார்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்பார்கள். செய்து நாற்பது வருடத்துக்குப் பிறகு எத்தனை சொல்லலாம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. டொறத்தி தேத்தண்ணி வைக்க உள்ளே போனதும், தரை கூட்டும் தும்புத்தடியிலிருந்து அளவாக வெட்டிவைத்த பிடியைச் சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் இறுக்கிவிட்டு ஜெயசிங்கம் பின்னால் ஓடிப்போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். பதினெட்டு மாதம் இப்படி நடந்தது. ஒவ்வொரு காரையும் இரண்டு முறை பார்த்தார், ஒரு முறை மனைவிக்காக, ஒரு முறை சட்டத்துக்காக.

பிளாக்டவுனில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிற யோகராணி தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்த அன்று, "விட்டாச்சு" சொல்லிவிட்டு இறங்கும்போது டொறத்தி கால் மடங்கி விழுந்துவிட்டார். ஜெயசிங்கம் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், வேலைக்குப் பிந்துகிறது என்று தவித்துக்கொண்டு நின்ற பிள்ளையிடம் தாளை எழுதிக் கொடுத்தார். தும்புத்தடிப் பிடி சுவரோடு சாத்தியபடி இருந்தது. அந்தக் காரில் பெடலுக்கு மேலே இருக்கும், பிறேக் விளக்கை எரிக்கிற சுவிட்ச் செத்துப்போய் இருந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து யோகராணி சிக்னலுக்காக நிறுத்தியபோது, பின்னால் வந்த வானுக்கு அவள் நிறுத்துவது தெரியவில்லை. கழுத்தெலும்பில் அடி. எட்டு மாதம் வேலை இல்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் ஜெயசிங்கம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "என்ர கண் பிழைச்சுப்போச்சு." பிங்க் சிலிப் எழுதுகிற அனுமதியைப் பறித்துக்கொண்டார்கள். தகரக் கதவை இறக்கினார். கண்ணைக் காட்டுங்கோ, காட்டுங்கோ என்று எத்தனை தரம் சொன்னனான் என்று டொறத்தி அழுதார். உண்மையில் டொறத்தி ஒருபோதும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் மருந்துக்கடைக் கண்ணாடி அடுத்த நாளே வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு சனம் அவருக்குக் கண் தெரியாத கிழவன் என்று பெயர் வைத்தது. ஒருநாள் தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றவரிடம் கழுத்துப் பட்டியோடு யோகராணியே வந்தாள். "பரவாயில்லை அங்கிள். வயசு போனால் ஆருக்கும் வாறதுதானே," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கிழங்கை அப்படியே வைத்துவிட்டு வந்து, காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். சொன்னால் அது ஒரு கிழமைக்குள் கோயில் முற்றத்தால் சுற்றி டொறத்தியிடம் வந்துவிடும். பதினெட்டு மாதமும் தன் கால் வேலை செய்தது என்றுதான் டொறத்தி நம்பியிருக்கிறார். இப்போது பாதி நாள் கட்டிலைவிட்டு எழும்பாத மனுசி, எழும்புகிற நாட்களில் எழும்புவது அந்த நம்பிக்கையில்தான்.

போன கிழமை ஒரு முற்பகல். டினேஷ் புதிதாகக் கொண்டுவந்த கார் கராஜுக்குள் மேசையைப் பார்த்தபடி நின்றது. கதவுகள் இன்னும் ஒட்டவில்லை. வோக்கர் சத்தம் கேட்டது. கண்ணாடி மூக்குக்கு ஏறியது. டொறத்தி வழமைபோல் வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். காரின் கூரையைத் தடவினார்.

"ஒருக்கா இருந்து பாக்கட்டே?"

"ஊத்தைச் சீற், டொறத்தி."

"ஊத்தை எனக்குப் புதுசே?"

ஜெயசிங்கம் கைத்தாங்கலாக இருத்தி, வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். டொறத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முகம் பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் மலர்ந்தது. அதைப் பார்த்த சந்தோசத்தில், யாரும் சொல்லாமலே கால்கள் அவரைக் காரின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தின.

"மிதியும்," என்றார்.

"மிதிச்சாச்சு. எரியுதோ?"

"எரியுது. விடும்."

"விட்டாச்சு" வரவில்லை. "விடும், டொறத்தி," என்று மறுபடி சொன்னார். அப்போதுதான் தனக்கு முன்னால் இருப்பவை தகட்டால் மூடிய இரண்டு ஓட்டைகள் என்பது அவருக்கு உறைத்தது.

முன்னால் வந்தார். டொறத்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கழற்றிய இரண்டு சிவப்பு விளக்குகளும் வெட்டின வயர்களோடு துணியின் மேல் கிடந்தன.

"அண்டைக்கும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார்.

"வாய் பழகிப்போச்சு, டொறத்தி. சும்மா ஒரு..."

"யோகராணின்ர காரைக் கேக்கிறன்."

ஜெயசிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை நாள்?"

"உமக்குக் கால் தேறும் எண்டு பயிற்சி தந்த பிள்ளை..."

"எத்தினை நாளெண்டு கேட்டனான்."

"முதல் நாளில இருந்து."

டொறத்தி குனிந்து பெடலின் மேல் கிடந்த தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். மடித்து, அவருடைய சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானைப் பூட்டிவிட்டார்.