இழுவைக்காரர்கள்

ஆர்மோனியத்தின் துருத்தியில் விழுந்த ஓட்டைக்கு மீனம்மா சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரலால் அழுத்திப் பிடித்தபடியே கணவனை ஏசினாள்.

“ரெண்டு கட்டைய அமுக்குறதுக்கு இம்புட்டுக் காத்து எதுக்குங்க? ஒரு பாட்டாவது வருதா இதுல?”

செல்லசாமி சிரித்தார். பாட்டு வராதுதான். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. அங்கே காற்றாடிகள் பகல் முழுக்க ஒரே சுரத்தில் இரையும். 1993இல் ஒருநாள் அந்தச் சுரத்தை ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்தார். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால்தான் அது கிடைத்தது. ஒரு மணிநேரம் விடாமல் அமுக்கினால் உள்ளுக்குள் வேறு ஒலிகள் எழுந்து அடங்கின. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை.

கேட்டவர் றமணன் மட்டும். தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். காற்றாடி இரைச்சலைக் கசெட்டில் பதிந்து, பெட்டரி இறங்க இறங்க அது கனத்துத் தாழ்வதைப் போட்டுக் காட்டினார்.

“அண்ணை, நீங்கள் கட்டையை விடாதேங்கோ. இது கீழ இறங்கட்டும்.”

இருவரும் வாசித்ததற்கு ‘இழுவை’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவர் நினைத்தது நீண்ட சுரத்தை. லயத்திலோ, சாகக் கிடந்து மூச்சு வாங்குகிறவரைத்தான் ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்பார்கள். பாடசாலைப் பரிசளிப்பில் பெயரை அறிவித்ததும் பின்வரிசையில் ஒருவன், “யாருக்குப்பா இழுக்குது?” என்றான். சிரிப்பிலேயே கூட்டம் கலைந்தது.

அடுத்த மாதம் கங்காணி வீரய்யா வீட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டார். முதல் அழைப்பு. இருவரும் அயன் பண்ணிய சட்டையோடு போனார்கள். அங்கே அவருடைய தகப்பன் நாலு நாளாக நினைவில்லாமல் கிடந்தார்.

“நீங்க வந்து இழுத்தா அய்யா செரமப்படாம போயிருவாருன்னு சொல்றாங்க,” என்றார் வீரய்யா.

பெட்டியைக் கிழவருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். வாசித்தார்கள். முக்கால் மணியில் மூச்சு நின்றது.

அதற்குப் பிறகு பூண்டுலோயா, நோர்வூட் என்று அப்படியான வீடுகளிலிருந்து மட்டுமே ஆள் வந்தது. வருஷங்களில் வாசிப்பு மாறியது. இரண்டு கட்டை ஒன்றானது. கசெட்டில் தகரக் கூரையில் விழும் மழை சேர்ந்தது. எது ஆர்மோனியம், எது கசெட் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. கேட்கத்தான் ஆளில்லை. படுத்திருப்பவர் கண்மூடிக் கிடப்பார். சுற்றியிருப்பவர்கள் அவருடைய நெஞ்சையே பார்த்திருப்பார்கள். செல்லசாமி பெட்டியோடு ரோட்டில் வந்தால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

“சாகாத ஆளுங்க நாலு பேரு, ஒரேயொரு தரம் உக்காந்து கேட்டாப் போதும் சார்,” என்பார் றமணனிடம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. றமணன் மாற்றலாகி ஊருக்குப் போனார். அடுத்த வருஷம், ஒரு நல்ல சேதியைக் கடிதத்தில் சொல்லப் பொறுக்காமல் நேரே வந்து நின்றார். மீனம்மா மூன்று வாரமாகக் காய்ச்சலில் கிடப்பது அவருக்குத் தெரியாது.

அவரைக் கண்டதும் அவள் கம்பளியை நெஞ்சோடு இறுக்கினாள்.

“இவர எதுக்குங்க கூப்புட்டீங்க? டாக்டரு என்னமும் சொல்லிட்டாரா?”

“அய்யோ, நான் கூப்புடல புள்ள. சும்மா வந்திருக்காரு.”

“நீங்க ரெண்டு பேரும் எந்த வீட்டுக்குச் சும்மா போயிருக்கீங்க?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

றமணன் குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, யாழ்ப்பாணத்தில ஒரு வாசிகசாலையில ஒழுங்கு பண்ணியிருக்கிறன். நாப்பது பேர், கேக்கிறதுக்கெண்டே வருகினம். வாறீங்களோ?”

செல்லசாமி மனைவியின் காலைக் கம்பளியால் மூடினார். மூடிய காலையே மறுபடியும் மூடினார்.

“அண்ணை?”

றமணன் தாழ்ந்த வாசலில் குனிந்து வெளியே போனார்.