ரவரை மறைத்த மாமரம்

நேற்றுச் செய்மதி இன்ரநெற் விற்க வந்தவர் என் வீட்டுக் கூரையில் ஏறி நின்று, "அண்ணை, உந்த வேம்பு வானத்தை மறைக்குது. தறிச்சுவிட்டியள் எண்டால் பிரச்சினை முடிஞ்சுது. இனி உலகம் முழுக்க இதுதான்" என்றார்.

எனக்கு வந்த விசரைக் கேளாதையுங்கோ. இதே கதையைச் சைக்கிளில் திரிந்து ஊரெல்லாம் சொன்னவன் நான்.

அப்போது நான் வைமாக்ஸ் ஆள். இன்றைக்கு அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ரவர்க் கோபுரத்திலிருந்து காற்று வழியாகக் கூரைப் பெட்டிக்கு இன்ரநெற் வரும். எதிர்ப்பக்கக் கம்பனிகள் கணினியில் செருகும் த்ரீஜி டொங்கிளை விற்றன. "டொங்கிள் எல்லாம் ரெண்டு வருசத்திலை குப்பைக்குள்ளை" என்று கொழும்பு மனேச்சர் படம் போட்டுக் காட்டினார். பேயன் மாதிரி நம்பினேன்.

அரியாலையில், மிஷன் பள்ளியில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் இருந்தா. ஒரே மகன் நோர்வேயில். ஊருக்கு வர முடியாத நிலை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் இணைப்பே எடுத்தா. பெட்டியைக் கூரையில் பூட்டினேன், பச்சை லைற் எரியவில்லை. முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம் ரவருக்கு நேரே நின்றது. வெளிநாடு போகிறவனின் சூட்கேசில் பாதி மற்றவர்களின் சாமான்தானே எங்கடை ஊரில்? பழக்காலத்தில் நோர்வேக்குப் போகிற ஆரையாவது பிடித்து, அந்த மரத்துப் பழம் நாலைப் பேப்பரில் சுற்றி மகனுக்குக் கொடுத்துவிடுவா.

"மரத்தைத் தறிக்கவேணும், ரீச்சர்."

"வேறை வழி இல்லையோ தம்பி?"

"இல்லை."

இருந்தது. டொங்கிளுக்கு மரம் ஒரு பொருட்டே இல்லை. எதிரிக் கம்பனியின் சாமானைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தறித்தார்கள். லைற் எரிந்தது. மகன் திரையில் வந்தான்.

"அம்மா, பின்னாலை ஏன் இவ்வளவு வெளிச்சம்? மாமரம் எங்கை?"

ரீச்சர் என்னை ஒருதரம் பார்த்தா. பிறகு, "பட்டுப்போச்சு ராசா" என்றா.

கோதாரி, கொஞ்சக் காலத்தில் கம்பனியே வைமாக்ஸை மூடிவிட்டது. மனேச்சர் ஃபோர்ஜிதான் எதிர்காலம் என்று வேறு கம்பனியில் படம் போடப் போய்விட்டார். ரீச்சர் இப்போது குசினிக்குள் இருந்தபடி கைத்தொலைபேசியில் மகனோடு கதைக்கிறா. கண்டறியாத அந்தப் பெட்டி இன்னும் அவவின் கூரையில்தான் கிடக்கிறது.

"என்ன முடிவு அண்ணை?" என்றார் கூரையில் நின்றவர்.

"முதல் கீழை இறங்கும்."

போன மாம்பழக் காலத்தில் நோர்வேக்குப் போன ஒருவர், மகனுக்குக் கொடுத்துவிட ஏதும் இருக்கோ என்று ரீச்சரிடம் கேட்டாராம். மிளகாய்த்தூள் கொடுத்துவிட்டாவாம்.